புயல்கால மின்தடையும் வளர்ப்பு ஊர்வனவற்றின் உடற்சூடும்

கடலூரிலும் புதுச்சேரியிலும் மின்சாரம் நாள்கணக்கில் நின்றுபோவது பெரும்பாலும் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடைப்பட்ட புயல் காலத்தில்தான். 2011 டிசம்பர் 30 அன்று காலையில் தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றில் மறுபடி விளக்கெரிய வாரக்கணக்கில் ஆயிற்று. 2020 நவம்பர் இறுதியில் நிவர் மரக்காணம் அருகே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், நகர்ந்து போகாமல் பல மணி நேரம் அங்கேயே நின்று, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. அத்தகைய இரவுகளில் மனிதர்கள் மெழுகுவத்தியும் டார்ச்சும் கொண்டு சமாளித்துக்கொள்கிறார்கள். சூடு தரும் விளக்கை நம்பிக் கண்ணாடித் தொட்டிக்குள் வாழும் பாம்புக்கும் பல்லிக்கும் ஆமைக்கும் அந்தச் சூட்டை வளர்ப்பவர்தான் வேறு வழியில் தேடித் தர வேண்டும்.

இந்தப் பொருள் குறித்துக் கிடைக்கும் அறிவுரைகளில் மிகப் பெரும்பாலானவை பனி பெய்யும் நாடுகளில் எழுதப்பட்டவை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மின்கட்டமைப்பு நிலைகுலைந்து, லட்சக்கணக்கான வீடுகள் உறைகுளிரில் இருளில் கிடந்தன. அதே நாட்களில் குளிரில் விறைத்துப்போன கடலாமைகளை ஆயிரக்கணக்கில் மீட்டு, சவுத் பட்ரே தீவின் மாநாட்டு மண்டபத் தரையில் வரிசையாகக் கிடத்தி வைத்தார்கள். அங்கே ஓர் இரவுக்குள் வீட்டின் உள்வெப்பம் பூஜ்யத்தை நெருங்கிவிடும் என்பதால், எதைக் கொண்டாவது உடனே சூடேற்று என்ற அறிவுரைக்குப் பொருள் உண்டு. நம் கரையில் நிலைமை வேறு. மார்கழி இரவிலும் புதுச்சேரியின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அடிக்கடி இறங்குவதில்லை. புயல் மேகம் மூடிய நாட்களில் இரவும் பகலும் ஏறத்தாழ ஒன்றாகி, கான்கிரீட் வீட்டின் உள்ளறை 23 முதல் 25 டிகிரியிலேயே நின்றுவிடும். உடனே உயிரைப் பறிக்கும் குளிர் அன்று அது. ஆனால் ஐந்து நாள், பத்து நாள் என்று நீளும்போது, வெயிலும் இல்லாமல் ஈரமும் சேர்ந்துகொண்டால், அந்த மிதமான குளிரே விலங்கை உள்ளிருந்து கெடுக்கிறது. எனவே இங்கே வேண்டியது அதிகச் சூடு அல்ல; வயிறு காலியாகவும் உடல் உலர்ந்தும் இருக்கச் செய்து, சிறிதளவு சூட்டை ஏறாமல் இறங்காமல் பிடித்து வைப்பதுதான்.

ஊர்வன தம் உடற்சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சூட்டை நம்பி எத்தனை வேலைகள் நடக்கின்றன என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. இரையைச் செரிக்கும் நொதிகள் குறிப்பிட்ட வெப்பத்தில்தான் சரியாக இயங்கும். எலியை விழுங்கிய மலைப்பாம்புக்குச் சூடான இடம் கிடைக்காமல் போனால், வயிற்றுக்குள் செரிமானம் பின்தங்கி, அழுகல் முந்திக்கொள்ளும். பாம்பு இரையைக் கக்கிவிடும். அப்படிக் கக்குவது அதன் உணவுக்குழாயையும் உடலின் நீர்ச்சத்தையும் வெகுவாகப் பாதிக்கும். நோய் எதிர்ப்பும் சூட்டோடு பிணைந்ததுதான். 1970களில் அமெரிக்காவில் மேத்யூ க்ளூகரும் அவருடைய சக ஆய்வாளர்களும் பாலைவன இகுவானா என்னும் பல்லிகளுக்கு நோய்க்கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். 40, 42 டிகிரியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. 34 டிகிரியில் இருந்தவை மடிந்தன. நமக்குக் காய்ச்சல் தானாக வருகிறது. ஊர்வனவோ வெயிலைத் தேடிப் போய்த்தான் காய்ச்சலை வரவழைத்துக்கொள்கின்றன. மின்சாரம் போன தொட்டியில் தேடிப் போக இடமில்லை. புயல் ஓய்ந்து ஒரு வாரம் கழித்து மூக்கில் குமிழியோடும் திறந்த வாயோடும் பல வளர்ப்பு விலங்குகள் மருத்துவரிடம் கொண்டுவரப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

‘குளிர்ந்தால் தூங்கிவிடும், விட்டுவிடலாம்’ என்று சொல்பவர்கள் உண்டு. குளிர்காலத்தில் ஒடுங்கிக் கிடக்கும் இனங்கள் உலகில் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவை வாரக்கணக்கில் இரையை நிறுத்தி, குடலை முழுவதும் காலியாக்கிக்கொண்டு, இங்கே நாம் காணாத குளிருக்குள் இறங்கிய பிறகே ஒடுங்குகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பால் பைத்தான் (ball python) என்னும் மலைப்பாம்புக்கும், நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவிலிருந்து வந்த பச்சை இகுவானா என்னும் பெரிய பல்லிக்கும் அந்தப் பழக்கமே கிடையாது. 22 டிகிரியில் அவை தூங்குவதும் இல்லை, செரிப்பதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே கிடந்து தேய்கின்றன.

இனத்துக்கு இனம் தாங்கும் அளவு வேறுபடும் என்பதால், எதற்கு முதலில் கவனம் தேவை என்பதை வளர்ப்பவர் அறிந்திருப்பது நல்லது. ஆஸ்திரேலிய உள்நாட்டு வறண்ட நிலத்தைச் சேர்ந்த பியர்டட் டிராகன் என்னும் பல்லி பகலில் 40 டிகிரி வரை குளிர்காயும். ஆனால் இரவில் 20 டிகிரி அதற்குப் புதிதல்ல, ஆகவே உலர்வாக இருக்கும்வரை சில நாள் தாங்கும். லெப்பர்ட் கெக்கோ என்னும் பல்லியும் ஏறக்குறைய அப்படித்தான். சஹாராவின் தென் விளிம்பில் வாழும் சுல்கட்டா ஆமை உலர்ந்த குளிரைப் பொறுத்துக்கொள்ளும், ஈரமான குளிரைப் பொறுக்காது. ஈரத் தரையில் இரண்டு இரவு கிடந்தாலே அதன் நுரையீரல் கெடத் தொடங்கலாம். பால் பைத்தானும் பச்சை இகுவானாவும் இரவிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே போகாத சூட்டை விரும்புபவை. இவற்றுக்கே முதலில் ஏற்பாடு வேண்டும். உடலளவும் முக்கியம். வளர்ந்த ஆமையின் உடல் மெல்லத்தான் குளிரும். காசளவு ஆமைக்குஞ்சு அரை மணிக்குள் அறையின் வெப்பத்துக்கு வந்துவிடும்.

புயல் காலத்தில் நமக்குள்ள பெரிய வசதி, அது சொல்லிவிட்டு வருவது. இந்திய வானிலைத் துறையின் முதற்கட்ட எச்சரிக்கை 72 மணி நேரம் முன்பே கிடைக்கிறது. கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றிய செய்தியும் ஊர் முழுவதும் பரவிவிடுகிறது. அந்தக் கணத்திலேயே செய்ய வேண்டிய முதல் வேலை இரையை நிறுத்துவது. பாம்புக்கு ஒரு வேளை இரை செரிக்க நல்ல சூட்டிலேயே நாலைந்து நாள் பிடிக்கும்; கூண்டு ஏறிய பிறகு கொடுத்த எலி, மின்சாரம் போன பிறகும் வயிற்றில்தான் இருக்கும். வளர்ந்த பைத்தான் சில வாரங்கள் உண்ணாமல் இருப்பதால் எதுவும் ஆகிவிடாது. பசியில் வாடுமே என்ற பரிவில் புயலுக்கு முந்தைய நாள் வயிறாரக் கொடுப்பதுதான் இந்தக் காலத்தில் மிக அதிகம் கேடு செய்யும் செயல் என்று நினைக்கிறேன். பல்லி இனங்களுக்கும் ஆமைகளுக்கும் மின்சாரம் போனபின் உணவைக் கணிசமாகக் குறைத்தால் போதும். குடிநீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். மோட்டார் ஓடாது என்பதால் அதையும் முன்பே பிடித்து வைக்க வேண்டும்.

இடத்தேர்வு அடுத்தது. மொட்டை மாடியில் தகரக் கூரையோ சிமென்ட் ஷீட்டோ போட்ட அறையில் தொட்டி வைத்திருப்பவர்கள் நம் ஊர்களில் அதிகம். சாதாரண நாளில் அந்த அறையின் வெப்பம் உதவிகரமாக இருக்கும், புயலிலோ அதுவே வீட்டின் மிகக் குளிர்ந்த, மிக ஈரமான, மிக ஆபத்தான இடம். காற்று முதலில் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அடிக்கும், புயல் கடந்த பிறகு தெற்குக்குத் திரும்பும் என்பதால், வெளிச்சுவர் இல்லாத நடு அறையே சிறந்தது. சாமான் அறை போன்ற சிறிய அறையாக இருந்தால் இன்னும் நல்லது. தரையில் வைக்காமல் மேசைமேல் வைப்பது குளிரிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காக்கும். கண்ணாடித் தொட்டி சூட்டை வேகமாக இழக்கும் பொருள். மூன்று பக்கமும் செய்தித்தாளை அடுக்கி, மேலே போர்வை சுற்றி, ஒரு பக்கம் மட்டும் காற்றுக்கு விட்டால் இழப்பு பெருமளவு குறையும். உள்ளே விரித்திருக்கும் தேங்காய் நார்த்தூளை எடுத்துவிட்டு உலர்ந்த செய்தித்தாளை விரிப்பது நல்லது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் நாட்களில் நார்த்தூள் அந்த ஈரத்தை வயிற்றுக்கடியிலேயே பிடித்து வைத்திருக்கும்.

தொட்டியைவிடச் சிறந்த ஒன்று இந்தக் கரையில் எளிதாகக் கிடைக்கிறது: கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீனை ஐஸோடு அடுக்கி அனுப்பும் தெர்மாகோல் பெட்டி. உள்ளே இருக்கும் ஐஸை உருகவிடாமல் காக்கும் அதே சுவர், உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியே விடாது. மீன் வாடை போகச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, மேற்பகுதியில் சூடேற்றிய ஸ்க்ரூடிரைவரால் பக்கத்துக்கு இரண்டு மூன்று துளைகள் இட்டுக்கொள்ள வேண்டும். அடியில் நான்கைந்து மடிப்புச் செய்தித்தாள். ஒரு கோடியில், ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை 45 டிகிரி வெந்நீரால் நிரப்பி, மூடியை இறுக்கி, பழைய துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி, சாயாதபடி நிறுத்த வேண்டும். மறு கோடியில், தலையணை உறைக்குள் விட்டு வாயைக் கட்டிய பைத்தான். பாம்பு துணிப்பைக்குள் சுருண்டு கிடப்பதை விரும்பும். சுருண்ட உடலிலிருந்து சூடு வெளியேறும் பரப்பும் குறைவு. வெப்பமானியின் உணர்முனை பாம்பு இருக்கும் பக்கத்தில், தரையை ஒட்டி இருக்க வேண்டும்.

இந்தப் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் நீளமும் 40 அகலமும் 40 உயரமும், இரண்டரை சென்டிமீட்டர் கனமும் உள்ள தெர்மாகோல் பெட்டியை வெளியறையைவிட 5 டிகிரி கூடுதலாக வைத்திருக்க ஏறத்தாழ 6, 7 வாட் சூடு போதும். ஐந்து லிட்டர் நீர் 45 டிகிரியிலிருந்து 30க்கு இறங்கும்போது வெளிவிடும் சூடு சுமார் 87 வாட்-மணி. அதாவது தொட்டிக்கடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பான ஹீட் மேட், 10 வாட்டில் எட்டு மணி நேரத்துக்கு மேல் தரும் சூடு. ஏட்டுக் கணக்கில் அரை நாள் தாங்க வேண்டும். நடைமுறையில் தொடக்கத்தில் கேன் அதிகம் சூடு விடும், பிறகு குறைந்துகொண்டே போகும். ஆகவே முதல் ஒரு மணி நேரம் மூடியைச் சற்று விலக்கி வைத்து, பிறகு மூடி, ஐந்தாறு மணிக்கு ஒருமுறை நீரை மாற்றினால் இரவு முழுவதும் 28, 29 டிகிரியில் நிறுத்திவிடலாம். மின்சாரம் இல்லாவிட்டாலும் கேஸ் அடுப்பு எரியும் என்பதால் வெந்நீருக்குத் தட்டுப்பாடு இராது. நீரின் வெப்பத்தை அளக்கக் கருவி இல்லையென்றால், கொதிக்கும் நீர் ஒரு பங்கும் மழைக்காலக் குழாய்த் தண்ணீர் மூன்று பங்கும் கலந்தால் 45 டிகிரியை ஒட்டி வரும். தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் கொதிநீரை ஊற்ற வேண்டும். கொதிநீரை நேரே ஊற்றினால் கேன் குழைந்துவிடும்.

இதைவிடச் சூடாக இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றுவது இயல்பு. இங்கேதான் கெடுதல் நேர்கிறது. வயிற்றுக்கடியில் உள்ள சூட்டை உணர்ந்து விலகும் திறன் பாம்புகளுக்கும் பல்லிகளுக்கும் மிகக் குறைவு. தோல் வெந்துகொண்டிருக்கும்போதே அவை அசையாமல் படுத்திருக்கும். குளிரில் மந்தமாகிவிட்ட விலங்கு இன்னும் அசையாது. மருந்துக் கடையில் வாங்கிய ரப்பர் வெந்நீர்ப் பையில் கொதிநீரை நிரப்பி, அதன்மேலேயே பாம்பைப் படுக்கவைத்தால், அடிவயிற்றுச் செதில்கள் பழுத்து உரிந்து, ஆறப் பல மாதங்கள் ஆகும். சூடு தரும் பொருள் எதுவானாலும் உடலைத் தொடக் கூடாது, பெட்டியின் ஒரு பாதி குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும், விலக நினைத்தால் விலங்கு விலக முடிய வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை உடல் அளவையிலிருந்து பொருள் அளவைக்கு மாற்றிக்கொண்டால் துண்டின் மேற்பரப்பு 35 டிகிரியைத் தாண்டுகிறதா என்பதை ஒரு நொடியில் பார்த்துவிடலாம்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதவு ஜன்னல் அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டுவதும், ஜெனரேட்டரை உள்ளேயோ ஜன்னலோரமோ வைத்து ஓட்டுவதும் கார்பன் மோனாக்சைடை நிரப்பி மனிதர்களையே கொல்லும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், மழை நாளில் ஏற்றும் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் மண்ணெண்ணெய் விளக்கும் விடும் புகை, ஏற்கெனவே குளிரில் தளர்ந்த நுரையீரலுக்குக் கூடுதல் சுமை. விலங்கு இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம்; கொசுவுக்கு வலையே போதும்.

நீர் ஆமைகளின் கதை வேறு. மீன் கடைகளில் விற்கும் சிவப்புக் காது ஆமைதான் நம் ஊர் வீடுகளில் அதிகம். தொட்டி நீருக்குக் காற்றூட்டும் மோட்டார் நின்றதும் மீன்களைப் போல இவையும் மூச்சுத் திணறிச் செத்துவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. ஆமை காற்றைச் சுவாசிக்கும் உயிர், மோட்டார் நிற்பதால் அதற்கு மூச்சு முட்டாது. நின்றுபோன வடிகட்டியால் நீரில் சேரும் அம்மோனியாதான் கவலை. உணவை நிறுத்தினாலே அது பெரும்பாலும் அடங்கும். பெரிய தொட்டியின் நீர் மிக மெதுவாகத்தான் குளிரும், பக்கங்களைப் போர்த்திவிட்டால் ஒரு நாள் தாங்கும். குளிர்ந்துவிட்டதே என்று வெந்நீரை நேரே ஊற்றக் கூடாது. மூடிய பாட்டிலில் வெந்நீரை நிரப்பி மிதக்கவிடலாம். மேலேறிக் காயக் கல்லோ பலகையோ கட்டாயம் இருக்க வேண்டும். ஆமை ஒரு பக்கம் சாய்ந்தபடி மிதந்தால், அமிழ முயன்றும் முடியாமல் தத்தளித்தால், பெரும்பாலும் ஒரு நுரையீரல் கெட்டிருக்கிறது என்று பொருள். அதை நீரிலிருந்து எடுத்து, ஈரத் துணி விரித்த டப்பில் சூடாக வைத்து, வழி திறந்ததும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருக்கும் ஆற்றல் முழுவதும் சேர்ந்தே 1,800 வாட்-மணிதான். அதில் பயன்படுவது இன்னும் குறைவு. வெளிச்சமின்றிச் சூடு மட்டும் தரும் 100 வாட் செராமிக் பல்பை அதில் ஓட்டினால் ஒரே இரவில் தீர்ந்துவிடும். அதே பேட்டரியில், தெர்மாகோல் பெட்டிக்குள் 10 வாட் ஹீட் மேட்டை இரவில் மட்டும் போட்டால் சில நாட்கள் ஓடும். ஆற்றலைப் பெருக்குவதைவிட இழப்பை அடைப்பதே எப்போதும் மலிவு. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி உண்டாக உதவும் புற ஊதா விளக்கை அணைத்துவிடலாம். ஒரு வாரம் அது இல்லாததால் எலும்பு கெட்டுவிடாது.

புயல் கடந்ததும் வானம் வெளுக்கும். தானேவுக்குப் பிறகு வந்ததைப் போல, மார்கழி, தை மாதத் தெளிந்த இரவுகளில் பனி இறங்கி, புயல் நாட்களைவிடவும் விடியற்காலைகள் குளிர்ந்திருக்கும். மின்சாரமோ இன்னும் வந்திருக்காது. ஆனால் பகலில் வெயில் கிடைக்கும். காலை எட்டு மணிக்கு மேல் இகுவானாவையோ ஆமையையோ பாதி நிழல் உள்ள இடத்தில், கண்காணிப்போடு, வலைக் கூண்டில் அரை மணி வைத்தால் எந்த விளக்கும் தராத சூடு கிடைக்கும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. மார்கழி வெயிலிலும் மூடிய கண்ணாடிக்குள் வெப்பம் சில நிமிடங்களில் உயிர்போகும் அளவுக்கு ஏறிவிடும்.

ஃபெஞ்சலுக்கு அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் கரையோரப் பகுதிகளை மூழ்கடித்ததைப் போல, வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் அதே தெர்மாகோல் பெட்டி பயணப் பெட்டியாகும். அப்போது கையில் இருக்க வேண்டியது பதிவுச் சான்று. நட்சத்திர ஆமையையோ உடும்பையோ நம் நாட்டுப் பாம்பையோ வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான், பச்சை இகுவானா போன்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) என்னும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பதியாமல் மறைத்து வைத்திருப்பவர் நெருக்கடியில் மருத்துவரிடம் போகத் தயங்குகிறார். அந்தத் தயக்கத்துக்கு விலங்கு உயிரைக் கொடுக்கிறது. நிவாரண முகாமில் சமையல் நடக்கும் இடத்துக்கும் குழந்தைகளுக்கும் அருகே பெட்டியை வைக்கக் கூடாது. ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். தொட்ட கையைச் சோப்பால் கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் அவற்றைத் தொடாமலிருப்பதே நல்லது.

மின்சாரம் திரும்பும் நேரத்தில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும். பிளக்குகளை முன்பே கழற்றி வைத்திருந்து, விளக்கு நிலையாக எரிவதை அரை மணி பார்த்துவிட்டு, சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் சரியாக வேலை செய்வதை உறுதி செய்த பிறகே விலங்கைத் தொட்டிக்குள் விட வேண்டும். குளிர்ந்திருந்த உடலை 40 டிகிரி விளக்கின்கீழ் உடனே வைக்காமல், அந்த நாள் முழுவதும் மெல்ல மெல்லச் சூட்டை ஏற்ற வேண்டும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர். இரண்டு நாள் முழுச் சூட்டில் சுறுசுறுப்பாக இருந்த பிறகு, வழக்கத்தில் பாதி அளவு இரை. வாய் திறந்து மூச்சு விடுவது, மூச்சில் கீச்சொலி, மூக்கில் குமிழி, தலையை மேலே தூக்கியபடியே இருப்பது ஆகியவற்றை அடுத்த இரண்டு வாரமும் கவனிக்க வேண்டும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருந்துக் கடை மாத்திரையை நாடாமல் மருத்துவரிடம் போக வேண்டும், ஏனென்றால் ஊர்வனவற்றுக்கான மருந்தளவே உடற்சூட்டைக் கணக்கில் கொண்டுதான் தீர்மானிக்கப்படுகிறது. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயோ தனியாரிடமோ ஊர்வனவற்றைப் பார்க்கப் பழகிய மருத்துவர் யார் என்பதை ஐப்பசி பிறக்கும் முன்பே விசாரித்து, தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதித் தொட்டியின் மேல் ஒட்டி வைப்பது நல்லது, ஏனெனில் மின்சாரம் போன இரண்டாம் நாள் கைபேசியிலும் சார்ஜ் இருக்காது.